அடிபட்டவன் வேலை

என் வேலை மயங்கிக் கிடப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆண்டிபட்டிக்கும் வைகை அணைக்கும் நடுவே காற்றாலைக் கம்பெனி ஒன்று நடத்துகிற பயிற்சி நிலையத்தில் இதற்காக எனக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., தீபாவளிக்கு போனஸ் எல்லாம் உண்டு. காற்றாடியின் உச்சியில் வேலை பார்க்கும்போது ஒருவனுக்கு அடிபட்டுவிட்டால், அல்லது நெஞ்சுவலி வந்துவிட்டால், கூட இருப்பவன் அவனைக் கயிற்றில் கட்டி எப்படிக் கீழே இறக்க வேண்டும் என்பது அங்கே முக்கியமான பாடம். புதிதாகச் சேர்ந்தவர்களும், சான்றிதழைப் புதுப்பிக்க வருகிற பழைய ஆட்களும் அதைச் செய்து பழக வேண்டும். பழகுவதற்கு ஒரு அடிபட்டவன் தேவை. அது நான். வகுப்பில் கேசுவல்டி என்பார்கள்.

எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பொம்மை இருந்தது. ரப்பர் உடம்பு, உள்ளே மணல், ஒரு ஆளின் எடை. அதன் காலைப் பிடித்து இழுப்பார்கள். தலை இரும்பில் மோதினால் சிரிப்பார்கள். கடைசியில் இடுப்பில் தையல் விட்டு மணல் கொட்ட ஆரம்பித்தது. உயிருள்ள ஆளைக் கட்டினால்தான் கை பதனமாக வரும் என்று பயிற்சி கொடுக்கிற சார் கம்பெனிக்கு எழுதிப் போட்டு, அந்த வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்.

மயங்கிக் கிடப்பது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். தூக்கும்போது கழுத்து தானாக நிமிரப் பார்க்கும், விடக் கூடாது. கை எதையாவது பற்றப் பார்க்கும், அதையும் விடக் கூடாது. கட்டுகிறவனுக்குக் கொஞ்சம் உதவி செய்வோமே என்று இடுப்பை அசைத்துக் கொடுத்தால் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். நான் இதில் கெட்டிக்காரன். என்னைக் கட்டுகிற ஆட்கள் பாதியில் பயந்துபோய், "அண்ணே, இருக்கீகளா?" என்று கேட்பது உண்டு. நான் பதில் சொல்ல மாட்டேன்.

என் மனைவி தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து கடை சாத்துகிறவரைக்கும் நிற்கிற வேலை. "நான் நின்னு சம்பாதிக்கிறேன், நீங்க தொங்கிச் சம்பாதிக்கிறீக" என்பாள். சிரிக்க வைக்கப் பார்க்கிறாள் என்று புரியும். சிரிப்பு வராது. இதைத் துக்கம் என்று சொன்னால் அது பொய். துக்கம் என்றால் அழுகையாவது வர வேண்டும். எனக்குச் சாப்பாடு, சம்பளம், மழை, வெயில் எல்லாம் வந்துபோய்க்கொண்டிருந்தன, எதுவும் உள்ளே இறங்கவில்லை. கயிற்றில் தொங்கும்போது தொடைப்பட்டை இறுக்கி ஐந்தாறு நிமிஷத்தில் கால் மரத்துவிடும். மற்றவர்கள் அதற்குப் பயப்படுவார்கள். எனக்கு மற்ற இடமெல்லாம் முன்னமே மரத்துப்போயிருந்ததால் கால் மரத்தது பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நான் காற்றாடி ஏறினவன். கண்டமனூர்ப் பக்கம், சின்னமனூர்ப் பக்கம், இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் கம்பெனிக்கு நிற்கிற காற்றாடிகள் அத்தனையிலும் ஏறியிருக்கிறேன். எப்போதும் இரண்டு பேராகத்தான் ஏற வேண்டும், அது சட்டம். என்னோடு ஏறியவன் ஒருவனே, ஒன்பது வருஷமும். சின்னமனூர்க்காரன். என்னைவிட மூன்று வயது சின்னவன், ஆனால் முதல் நாளிலிருந்து என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டான். போல்ட் முறுக்குவதில் அவன் அளவு சுத்தமான கை நான் பார்த்ததில்லை. முறுக்கியதை மறுபடி ஒரு தடவை சோதிப்பான், இறங்குவதற்கு முன்னால் மூன்றாம் தடவையும் சோதிப்பான். அப்படிப்பட்டவன், ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் கைபேசியில் ராசிபலன் பார்க்காமல் ஏற மாட்டான். நான் கிண்டல் செய்தால், உனக்கென்ன மாப்ள, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பான்.

அவனுக்குக் கல்யாணம் தகையவில்லை. முப்பத்துநாலு வயதாகிவிட்டது. ஏழரைச் சனி என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆடி மாதம் ஐந்து சனிக்கிழமையும் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டு வந்தால் அடுத்த தையில் மாலை விழும் என்று அவனுடைய அம்மா நேர்ந்துகொண்டார். நேர்ந்தது அம்மா, போக வேண்டியது மகன். முதல் இரண்டு வாரமும் போய் வந்தான். மூன்றாவது சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் பயிற்சி நிலையத்தில் வகுப்பு வந்து சேர்ந்தது.

ஆடியில் வகுப்பு வைப்பதற்குக் காரணம் உண்டு. கம்பம் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிற மாதம் அது. காற்றாடி ஓடி ஓடிச் சம்பாதிக்கும், அதை நிறுத்திச் சர்வீஸ் பார்க்க மாட்டார்கள். சும்மா இருக்கிற ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் வகுப்பில் முதல் நாள் பேச்சு, இரண்டாம் நாள் கயிறு. அந்த வருஷம் ஆளை இறக்குகிற கருவியைக் கம்பெனி மாற்றியிருந்தது. பழையதில் கொக்கியை மாட்டி நெம்புகோலை அழுத்தினால் போதும். புதியதில் முதலில் ஒரு சக்கரத்தைச் சுற்றி ஆளைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்க வேண்டும், எடை முழுக்கக் கயிற்றுக்கு வந்த பிறகுதான் சிவப்புத் தாழ்ப்பாளை விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால் கயிறு பூட்டிக்கொள்ளும். இதைக் கையால் ஒரு தடவை செய்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஐந்து நிமிஷப் பாடம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பயிற்சி டவரில் ஏற முடியாதபடி காற்று. டவர் என்றால் வளாகத்தில் நிற்கிற இரும்புச் சட்டம், மூன்று மாடி உயரம், உச்சியில் ஒரு மேடை, மேடையில் ஒரு திறப்பு. சார் அண்ணாந்து பார்த்துவிட்டு, காற்று கூடுதல், மத்தியானம் பார்ப்போம் என்றார். குமுளியிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். கையெழுத்துத் தாளை மட்டும் காலையிலேயே சுற்றுக்கு விட்டுவிட்டார். 'மீட்புப் பயிற்சி செய்து முடித்தார்' என்று ஒரு கட்டம். அதில் எல்லோரும் போட்டோம். பத்து மணிக்கு அவன் என் காதில், மாப்ள, இப்பக் கெளம்புனா உச்சிப் பூசைக்குப் போயிறலாம் என்றான். அவன் தயங்கித்தான் சொன்னான். பைக் சாவியை எடுத்தது நான். ஒன்பது வருஷம் ஏறுகிறோம், இதை வேறு புதிதாகக் கற்றுத் தர வேண்டுமா என்று சொன்னதும் நான்தான். சாரிடம் கேட்டோம். போயிட்டு மத்தியானம் வாங்க என்றார். நாங்கள் வர மாட்டோம் என்று அவருக்கும் தெரியும். வரவில்லை.

குச்சனூரில் கூட்டமோ கூட்டம். எள் விளக்குப் போட்டான், காக்கைக்குச் சோறு வைத்தான். வைத்த உடனே காக்கை வந்து எடுத்தது. அவனுக்கு முகமெல்லாம் பல். திரும்பி வருகிற வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். எனக்குச் சனீஸ்வரர் மேல் கோபமில்லை. அவர் எங்களைக் கூப்பிடவில்லை.

மாசி மாதம், காற்று ஓய்ந்த பிறகு, வருஷச் சர்வீசுக்கு ஏறினோம். எண்பது மீட்டர் உயரத்தில் இயந்திர அறை, ஒரு சின்ன லாரிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ஏறி முடித்து அரை மணி நேரம் இருக்கும். இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. நெஞ்சை அடைக்கிறது என்றான். நான் வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டு, ஆளை இறக்குவதற்கென்று அங்கே வைத்திருக்கிற மஞ்சள் பெட்டியின் முத்திரையை உடைத்தேன். உள்ளே புதுக் கருவி. எனக்கு அதில் கை வைக்கத் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் முதலில் தாழ்ப்பாளை விடுவித்தேன், கயிறு பூட்டிக்கொண்டது. கழற்றி மறுபடி கோத்தேன், மறுபடி பூட்டிக்கொண்டது. பக்கத்துச் சைட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, ஏணியில் ஏறி, அவர்கள் கையால்தான் அவன் இறங்கினான், அப்போது அவனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்கள்.

அவன் வீட்டில் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரு நொடியில் போய்விட்டான், வலி தெரியவில்லை, ஒரு வார்த்தை பேச நேரமில்லை என்றேன். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள், அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்ற நினைப்பும் அதற்குள்ளேயே இருந்தது. சென்னையிலிருந்து கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். ஃபைல் சுத்தமாக இருந்தது. கருவி புதியது, சோதித்தது, ஆட்கள் இரண்டு பேரும் பயிற்சி முடித்தவர்கள், கையெழுத்து இருக்கிறது. உங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். ஏணியின் மூன்றாவது படிக்கு மேல் கால் ஏறவில்லை. பயமா என்று கேட்டார்கள். பயமில்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான். மூன்று காற்றாடியில் முயன்று பார்த்தேன், மூன்றிலும் அதே படி. அப்போதுதான் சார் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். இங்கன வந்துருங்க, படிக்கட்டு டவர்தான், ஏணி கிடையாது என்றார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரக்கப்பட்டுக் கூப்பிட்டாரா, என்னைக் கண் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது என்று கூப்பிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

ஒன்றரை வருஷம் ஓடியது. எத்தனை பேர் என்னை இறக்கினார்கள் என்று கணக்கில்லை. அடுத்த ஆடிக்கும் அடுத்த ஆடியில், புதிதாகச் சேர்ந்த ஏழு பேர் மூன்று நாள் வகுப்புக்கு வந்தார்கள். பெயர்ப் பட்டியலில் ஊரும் தகப்பன் பெயரும் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது, அதில் ஒருவன் அவனுடைய தம்பி. இறந்தவன் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது, இப்போதுதான் கொடுத்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் தார் இறக்கிக்கொண்டிருந்தவன். முப்பது வயதிருக்கும். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அண்ணனைப் போல முகம் கிடையாது, நடை மட்டும் அதே நடை. என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் அண்ணன் கூட இருந்தது நீங்கதான், அது எங்களுக்குப் போதும் என்றான். நான் தலையாட்டினேன். எதுவும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

மூன்றாம் நாள், கயிறு பழகுகிற நாள், காலையில் காற்று கூடுதலாக இருந்தது. சார் வழக்கம்போல மத்தியானம் பார்ப்போம் என்றார். வழக்கம்போலத் தாளும் சுற்றுக்கு வந்தது. மறந்துபோவீர்கள், இப்போதே போட்டுவிடுங்கள் என்றார். இந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தத் தாள் என் கண் முன்னால் இப்படிச் சுற்றியிருக்கிறது. பெரும்பாலும் மத்தியானம் காற்று குறைந்து பயிற்சியும் நடந்துவிடும். சில நாள் நடக்காது. நடக்காத நாளில் நான் வாயைத் திறந்ததில்லை. மயங்கிக் கிடப்பது டவர் மேல் மட்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

தாள் தம்பி கைக்கு வந்தது. பேனாவை உதறிவிட்டு, தன் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் வைத்தான்.

"தம்பி, போடாத" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத ஆள் நான். ஏறி இறங்கிவிட்டுப் போடட்டும் என்று சாரிடம் சொன்னேன். காற்று கூடுதல் என்றார். குறையட்டும், இருப்போம் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு வந்து தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மதி. எல்லாரும் இருங்க" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

இருந்தோம். மூன்று மணி பஸ்ஸுக்குப் போக நினைத்தவர்கள் என்னை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினார்களோ. நாலரைக்குக் காற்று தணிந்தது. என்னையே ஏழு தடவை இறக்க நேரமில்லை, ஜோடி சேர்ந்து ஒருவரையொருவர் இறக்கட்டும் என்றார் சார். ஏழு பேர் என்பதால் மூன்று ஜோடி போக ஒருவன் மிச்சம். தம்பிதான் மிச்சம். அவனுக்கு அடிபட்டவன் நான் என்று ஆயிற்று. மற்ற மூன்று ஜோடியும் முடித்து இறங்கிய பிறகு நாங்கள் இருவரும் படி ஏறினோம். சார் கீழே விசிலும் கடிகாரமுமாக நின்றார்.

மேடையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து என் மார்புக் கொக்கியில் கயிற்றை மாட்டினான். அவசரமே இல்லை. வாழைத்தாரைக் காயம் படாமல் இறக்கிப் பழகிய கை, என் தலைக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத்தான் என்னைத் திருப்பினான். சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தபோது கேட்டான், காலையில் எதற்கு என்னைத் தடுத்தீர்கள் என்று.

கண்ணை மூடியிருந்ததால் சொல்ல முடிந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டேன். குச்சனூர் போனது, பைக் சாவியை எடுத்தது, காலையிலேயே கையெழுத்துப் போட்டது, சார் போகச் சொன்னது, மஞ்சள் பெட்டி, கயிறு பூட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்த ஐந்து நிமிஷப் பாடம் எனக்குத் தெரிந்திருந்தால் உன் அண்ணன் கால் மணி நேரத்தில் தரைக்கு வந்திருப்பான் என்றேன். பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் தரைக்கு வந்திருப்பான்.

சக்கரம் நின்றுவிட்டது. நான் மேடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கினேன். பக்கத்தில் திறப்பு, அதற்குக் கீழே மூன்று மாடி.

"அப்ப அண்ணன் ஒடனே சாகலையா?" என்றான்.

"இல்ல."

"பேசுனானா?"

"பேசுனான். மெதுவா செய்யி மாப்ள, ஒண்ணும் அவசரமில்லன்னான். ரெண்டு தடவ சொன்னான்."

 கீழிருந்து சார் ஒரு முறை விசில் அடித்தார். என் கயிறு அவன் கையில் இருந்தது. அடிபட்டவனுக்குத் தனியாக இன்னொரு காப்புக் கயிறு உண்டு, விழ மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் எனக்குப் பயம் வந்தது.  ஒன்றரை வருஷத்தில் எனக்கு ஏதாவது ஒன்று வந்தது என்றால் அதுதான்.

இன்னொரு விசில். அவன் என்னைத் திறப்புக்கு நேரே நகர்த்தினான். கயிறு இழுபட்டு விறைத்ததைச் சோதித்தான், மறுபடியும் சோதித்தான். பிறகு தாழ்ப்பாளை விடுவித்தான். ஒரு குலுக்கல் கூட இல்லாமல் நான் தரைக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு ஏழு பேரில் அவன் செய்ததுதான் சுத்தம் என்று சார் சொன்னார். அவன் இறங்கி வந்து, தாளை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

எல்லோரும் போன பிறகு, நான் உடம்பில் மாட்டுகிற ஹார்னஸ் பட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்க ஆத்தா இன்னமும் வர்றவுக போறவுககிட்டயெல்லாம் கேக்குது, எம்மவன் கடைசியா எதுவும் சொன்னானான்னு. அவுக பேச நேரமில்லன்னு சொன்னாகளே ஆத்தா, விட்டுருன்னு நாந்தான் அதட்டுவேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. நீங்களே சொல்லுங்க."

நான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன பொய், அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய இரண்டு வார்த்தையை ஒன்றரை வருஷம் என்னிடமே வைத்துக்கொண்டது. இது எனக்குத் தோன்றியதே இல்லை. என் குற்றம் கருவியோடு முடிந்தது என்று இருந்தேன்.

சார் அறைக்குப் போய், தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். என்னையும் சேர்த்தா என்று கேட்டார். உங்களையும் சேர்த்துத்தான் சார் என்றேன். சரி என்றார். பிறகு, நானும் வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தத் தாளைக் காலையில் வெளியே எடுப்பதில்லை. கம்பெனிக்கு அவர் எழுதினாரா, எழுதினால் எங்கள் இருவர் வேலையும் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியவில்லை. தெரிந்தபோது பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் சின்னமனூர் போனேன். மனைவிக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவள் சட்டையைத் தேய்த்து வைத்தாள். அந்த வீட்டில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. தம்பியின் மனைவி காபி கொடுத்தாள். அவனுடைய அம்மா தரையில் உட்கார்ந்து குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். தம்பி முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை என்பது அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. தம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மேடையில் சொன்ன அதே வரிசையில், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். குச்சனூரைச் சொன்னபோது, நேர்ந்துகொண்டது தான்தானே என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று, பைக் சாவியை எடுத்தது நான் என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர் இட்லிக் கையைக் கழுவவில்லை. அழவும் இல்லை. அவன் கடைசியாகச் சொன்னதைச் சொன்னதும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவன் பேசிய மாதிரியே சொல்லச் சொன்னார். என்னால் முடிந்த அளவு அவன் குரலில் சொன்னேன்.

"மெதுவா செய்யின்னானா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவசரமில்லன்னானா." போட்டோவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அதுக்கு நீ என்னய்யா சொன்ன?"

இந்தக் கேள்வியை விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை, தம்பி கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த மஞ்சள் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்படி இறக்க வேண்டும் என்று படம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. கயிறு இரண்டாவது தடவை பூட்டிக்கொண்ட பிறகு நான் அதை முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். முதல் தடவை சொன்னபோது நான் திரும்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது நாலாவது படத்தில் இருந்தேன்.

"ஒண்ணும் சொல்லல ஆத்தா" என்றேன். "நான் படிச்சிக்கிட்டு இருந்தேன்."